பழைய கார்களில் ஸ்பார்க் பிளக்: மரை கெடாமல் கழற்றி மாட்டும் முறை

ஸ்பார்க் பிளக் மாற்றுவதை அரை மணி நேர வேலை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நாற்பது, ஐம்பது வருடங்கள் ஓடி, பல கைகள் பட்டு, நடுவில் சில வருடங்கள் வீட்டு வாசலில் தார்ப்பாய் போர்த்தி நின்றுவிட்ட அம்பாசிடருக்கோ பிரீமியர் பத்மினிக்கோ அந்தக் கணக்கு பொருந்தாது. முன்பு மாட்டியவர் எவ்வளவு முறுக்கினார், எந்த நீளப் பிளக்கைப் போட்டார், வாஷர் இருந்ததா இல்லையா என்பதெல்லாம் கழற்றும்போதுதான் நமக்குத் தெரியவரும். ஆகவே வேலையைத் தொடங்கும் முன்பே ஒன்றை முடிவு செய்துகொள்ள வேண்டும். பிளக் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் பொருள். எஞ்சினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட் இப்போது தேடினாலும் எளிதில் கிடைக்காத பொருள். பிளக் உடைந்தாலும் பரவாயில்லை, ஹெட்டில் உள்ள மரை (பிளக் திருகி இறங்கும் சுருள் வரி) பிழைக்க வேண்டும் என்பதுதான் கீழே சொல்லப்படும் ஒவ்வொரு படிக்கும் அடிப்படை.

வடசென்னையில் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு தொல்லை உண்டு. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலை ஒட்டிய தெருக்களில் இரவு முழுவதும் உப்புக்காற்று வண்டியின் மேல் படிகிறது. துறைமுகத்துக்குப் போய்வரும் கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதி பானெட்டின் இடுக்கு வழியாக உள்ளே இறங்கி, பிளக்கைச் சுற்றியுள்ள குழியில் தங்கிவிடுகிறது. புழுதியும் உப்பும் ஈரமும் ஒரே இடத்தில் கூடினால் துரு பிடிக்காமல் என்ன செய்யும்? ஆயுத பூஜைக்கு மட்டும் ஸ்டார்ட் செய்து, எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி இறக்கிவிட்டு மறுபடியும் மூடி வைக்கப்படும் கார்களின் நிலை இன்னும் மோசம். எஞ்சின் நன்றாகச் சூடேறும் முன்பே அணைக்கப்படுவதால், எரிந்த பெட்ரோலிலிருந்து உண்டான நீராவி உள்ளேயே குளிர்ந்து நீராகிறது. சோக் போட்டு ஓட்டியதால் உண்டான கரியும் பிளக்கில் படிந்துவிடுகிறது.

முதலில் ஹெட் எந்த உலோகம் என்று அறிந்துகொள்ளுங்கள்

வார்ப்பிரும்பு ஹெட்டுக்கும் அலுமினிய ஹெட்டுக்கும் வேலை செய்யும் முறையே வேறு. பிஎம்சி என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் 1489 சிசி பி-சீரிஸ் எஞ்சின் உள்ள அம்பாசிடருக்கு வார்ப்பிரும்பு ஹெட். 1948-இல் தொடங்கப்பட்ட அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஒருங்கிணைத்து விற்ற ஆஸ்டின் ஏ40 காருக்கும் வார்ப்பிரும்புதான். பி-சீரிஸ் எஞ்சினே அந்த ஏ40 எஞ்சினின் வழியில் வந்ததுதான் என்பதால், அம்பாசிடரில் கை பழகியவருக்கு ஏ40 அந்நியமாகத் தோன்றாது. பத்மினியின் 1089 சிசி ஃபியட் எஞ்சினுக்கு அலுமினிய ஹெட். அம்பாசிடர் என்ற பெயரை மட்டும் வைத்து முடிவு செய்யவும் கூடாது: பிற்காலத்தில் வந்த 1817 சிசி இசுசூ எஞ்சின் அம்பாசிடருக்கும், அதே எஞ்சின் பொருத்தப்பட்ட கான்டெசாவுக்கும் அலுமினிய ஹெட். ஐயமிருந்தால் ஒரு சிறு காந்தத்தை ஹெட்டின் ஓரத்தில் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு, ஒட்டாவிட்டால் அலுமினியம்.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம் என்றால், பிளக்கின் உடல் எஃகால் ஆனது. எஃகு பிளக் வார்ப்பிரும்பு ஹெட்டில் துருப் பிடித்து இறுகலாம், ஆனால் மரை வலுவாக இருக்கும். சற்று வலுக்காட்டினாலும் பெரும்பாலும் தாங்கும். அலுமினியமோ மென்மையான உலோகம். எஃகும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்பு ஈரம் சேர்ந்தால் மின்வேதி அரிப்பு உண்டாகி, அலுமினியத்தின் மேல் வெள்ளையாகப் பூத்துவிடும். அந்தப் பூப்பு மரையின் இடைவெளிகளை அடைத்துக்கொண்டு பிளக்கைப் பசை போட்டது போலப் பிடித்துக்கொள்கிறது. சூடேறும்போது அலுமினியம் எஃகைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். சூடான அலுமினியம் மேலும் மென்மையாக இருப்பதால், ஓடி வந்து நின்ற எஞ்சினில் ஸ்பேனரைப் போட்டால், பிளக்கோடு சேர்ந்து மரையும் கம்பிச் சுருளாக வெளியே வந்துவிடக் கூடும். எனவே அலுமினிய ஹெட்டில் பிளக்கைக் கழற்றுவது எஞ்சின் முழுவதும் குளிர்ந்த பிறகுதான். முந்தின இரவு நிறுத்தி, மறுநாள் காலையில் செய்வது நல்லது.

கருவிகள்

பிளக்குக்கென்று செய்யப்பட்ட, உள்ளே ரப்பர் வளையம் உள்ள நீளமான சாக்கெட், ஒரு எக்ஸ்டென்ஷன், நீளமான கைப்பிடி, முறுக்கு விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச், இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜ், பல் துலக்கும் பழைய பிரஷ், காற்றடிக்க ஏதாவது ஒரு வழி. இவ்வளவு போதும். பெரும்பாலான பழைய 14 மி.மீ. பிளக்குகளின் ஆறுமுகத் தலை 20.8 மி.மீ. அகலம், 21 மி.மீ. பிளக் சாக்கெட் என்று கடையில் கேட்டால் அதைத்தான் கொடுப்பார்கள். அமெரிக்கக் கார்களிலும் இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய வண்டிகளிலும் 18 மி.மீ., 10 மி.மீ. பிளக்குகளும் உண்டு என்பதால் அளந்து பார்த்த பிறகே வாங்குங்கள். பிராட்வே பக்கத்து இரும்புச் சாமான் கடைகளிலும் புதுப்பேட்டையிலும் எல்லா விலையிலும் சாக்கெட் கிடைக்கிறது. மற்றக் கருவிகளில் சிக்கனம் பார்த்தாலும் இந்த ஒன்றில் பார்க்க வேண்டாம். சுவர் மெல்லியதாக, வாய் சற்றே விரிந்த சாக்கெட் ஆறுமுகத்தின் விளிம்பைத் தேய்த்துவிட்டால், அதன் பிறகு செய்ய வேண்டிய வேலை பல மடங்காகிவிடும்.

வண்டியோடு வந்த குழாய் வடிவப் பிளக் ஸ்பேனரும் அதைத் திருப்பக் குறுக்கே செருகும் டாமி பாரும் இன்னும் சிலரிடம் இருக்கும். அவை நேராக உட்காரும் இடத்தில் குறையில்லை. ஆனால் டாமி பாரை ஒரு பக்கமாக இழுக்கும்போது ஸ்பேனர் சாய்ந்து பிளக்கின் பீங்கானில் இடிக்கும்; பீங்கான் மெல்லிய கோடாக விரிசல் விட்டால் கண்ணுக்குக்கூடத் தெரியாது, ஓடும்போது மட்டும் ஒரு சிலிண்டர் விட்டுவிட்டு அடிக்கும்.

கழற்றும் முன்

பிளக் ஒயரை ரப்பர் தொப்பியைப் பிடித்து, லேசாகத் திருகிக்கொண்டே இழுக்க வேண்டும். ஒயரைப் பிடித்து இழுத்தால் உள்ளே இணைப்பு அறுந்துவிடும். ஒவ்வோர் ஒயரிலும் எண் எழுதிய சிறு ஒட்டுத்தாளைச் சுற்றி வையுங்கள். பி-சீரிஸ் அம்பாசிடரில் ரேடியேட்டர் பக்கம் இருப்பது முதல் சிலிண்டர். எரியும் வரிசை 1-3-4-2. பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் உள்ளே சுழலும் ரோட்டர் மேலிருந்து பார்க்கும்போது கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றும். இவை தெரிந்திருந்தால் ஒயர் மாறிப்போனாலும் சரிசெய்துவிடலாம். அந்த வண்டியில் பிளக்குகள் மேனிஃபோல்டுக்கு எதிர்ப்பக்கத்தில் வரிசையாக இருப்பதால், கைக்கு எட்டவில்லை என்று அம்பாசிடர்காரர் யாரும் குறைசொல்ல முடியாது.

அடுத்தது, குழியைச் சுத்தம் செய்வது. இதைத் தவிர்ப்பவர்களே அதிகம். பிளக்கைச் சுற்றி நிற்கும் மணலும் துருத் தூளும், பிளக் வெளியே வந்த அடுத்த நொடி நேராகச் சிலிண்டருக்குள் விழும். பிஸ்டன் ரிங்குக்கும் சுவருக்கும் இடையே போய் உட்கார்ந்து அரைக்கும். பிரஷால் தேய்த்துவிட்டுக் காற்றடியுங்கள். கம்ப்ரசர் இல்லாதவர்கள் சைக்கிள் பம்பின் முனையில் மெல்லிய குழாயைச் செருகி அடித்தால் போதும். கண்ணாடி அணிந்துகொள்வது அவசியம், ஏனென்றால் குழியிலிருந்து கிளம்பும் தூள் நேராக முகத்துக்குத்தான் வரும். பிறகு பிளக்கை ஒரு சுற்று மட்டும் தளர்த்தி, மறுபடியும் ஒரு முறை காற்றடிக்க வேண்டும். ஆறுமுகத்தின் அடியில் வாஷரின் ஓரமாக ஒளிந்திருக்கும் மணல் இந்த இரண்டாவது காற்றில்தான் வெளியேறும்.

இறுகிப்போன பிளக்

சாக்கெட்டை நேராக, ஆறுமுகத்தின் அடிவரை உட்கார வைத்து, ஒரு கையால் எக்ஸ்டென்ஷனின் தலையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு கையால் சீராக இழுங்கள். நல்ல நிலையில் உள்ள பிளக் ஒரு சிறு ‘டக்’ சத்தத்தோடு இளகி, அதன் பிறகு கையாலேயே சுற்றும் அளவுக்கு வந்துவிடும். அந்தச் சத்தமே இல்லாமல் கைப்பிடி ரப்பரைப் போல வளைந்து கொடுப்பதாகத் தோன்றினால் நிறுத்திவிடுங்கள். அங்கே முறுக்குவது பிளக்கின் உடலாக இருக்கலாம். கைப்பிடியில் நீளமான இரும்புக் குழாயைச் செருகி ஆளை வைத்து இழுக்கும் வழக்கம் நம் பட்டறைகளில் உண்டு. லாரியின் வீல் நட்டுக்கு அது சரியாக இருக்கலாம், பிளக்குக்கு வேண்டாம்.

இப்போது தேவைப்படுவது ஊடுருவும் எண்ணெயும் பொறுமையும். டபிள்யூடி-40 போன்ற ஸ்ப்ரே போதும். பல மெக்கானிக்குகள் டீசலையோ மண்ணெண்ணெயையோ ஊற்றுவார்கள், அதுவும் ஓரளவு வேலை செய்யும். எண்ணெய் மரைக்குள் இறங்க ஒரு வழி இருக்கிறது. எஞ்சினைச் சில நிமிடங்கள் ஓட்டி, ஹெட்டில் கை வைத்தால் பொறுத்துக்கொள்ளும் அளவு வெதுவெதுப்பு வந்ததும் அணைத்துவிட்டு, பிளக்கின் அடியில் எண்ணெயைச் சொட்ட விடுங்கள். குளிரக் குளிர உலோகம் சுருங்கி எண்ணெயை இடுக்குக்குள் இழுத்துக்கொள்ளும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கொதிக்கும் நிலையில் இருக்கும்போது இதைச் செய்தால் தீப்பற்றும் என்பதால் வெதுவெதுப்பைத் தாண்டக் கூடாது. இரவு முழுவதும் ஊற விட்டு, காலையில் இன்னொரு முறை சொட்டவிட்டு, பிறகு முயலுங்கள்.

முதல் அசைவை இடப்பக்கமே கொடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சற்றே இறுக்கும் திசையில் ஒரு மயிரிழை அசைத்தால் துருப் பிடிப்பு விடும்; அதன் பிறகு தளர்த்தும் திசைக்கு வாருங்கள். கால் சுற்று தளர்ந்ததும் வெற்றி என்று நினைத்து ஒரேயடியாகச் சுழற்றிவிடக் கூடாது. இந்த இடத்தில் அவசரப்பட்டதால் கெட்ட ஹெட்டுகள்தாம் லேத் பட்டறைக்கு வரிசையாக வருகின்றன.

ராயபுரத்தில் ஒரு பத்மினியின் மூன்றாவது பிளக்கில் இதைக் கண்ணெதிரே பார்க்க முடிந்தது. முதல் இரண்டும் சுலபமாக வந்தன. மூன்றாவது அரைச் சுற்று வந்த பிறகு கீச்சென்ற ஒலியோடு மறுபடியும் இறுகத் தொடங்கியது. அந்தக் கீச்சொலி, மரைக்குள் அடைந்த கரியோ வெள்ளைப் பூப்போ உருண்டு திரண்டு மரையைக் கடிப்பதன் அறிகுறி. அப்போது தளர்த்துவதை விட்டு, வந்த வழியே பிளக்கை உள்ளே திருப்ப வேண்டும். எண்ணெய் விட்டு, மறுபடியும் வெளியே கால் சுற்று, உள்ளே அரைக்கால் சுற்று என்று முன்னும் பின்னுமாக நகர்த்த வேண்டும். பத்மினிக்காரர் பக்கத்தில் நின்றுகொண்டு, “அண்ணே, ஒரே இழுப்பா இழுத்துடலாமே” என்றார். மெக்கானிக் கையை எடுக்காமலேயே, “இழுத்துடலாம் சார், அப்புறம் ஹெட்டையும் சேர்த்துக் கழட்டணும்” என்றார். ஒவ்வொரு முறை திரும்பி வரும்போதும் எண்ணெயோடு கருஞ்சேறு போல ஒரு கசிவு வாஷரின் அடியிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தது. அந்தக் கசிவு வரும்வரை வேலை சரியான வழியில் போகிறது என்று பொருள். கடைசியில் வெளியே வந்த பிளக்கின் கீழ்ப்பாதி மரையில் சாம்பல் நிறத்தில் சிறு துகள்கள் ஒட்டியிருந்தன. அலுமினியம் கொஞ்சம் உரிந்திருந்தது. ஆனாலும் ஹெட்டின் மரை முழுதாக இருந்தது.

வார்ப்பிரும்பு ஹெட்டில் இவ்வளவு நுணுக்கம் தேவைப்படாது. எண்ணெய் ஊறிய பிறகும் அசையாவிட்டால், ஸ்பேனர் கைப்பிடியின் முனையில் சிறு சுத்தியலால் லேசாகத் தட்டலாம். அதிர்ச்சியே பல நேரங்களில் துருவை விடுவித்துவிடும். காற்றழுத்த இம்பாக்ட் துப்பாக்கியை மட்டும் இரண்டு வகை ஹெட்டிலும் கொண்டுவர வேண்டாம்.

உடைந்துபோனால்

மேலே உள்ள பீங்கான் மட்டும் உடைந்தால் பெரிய கவலை இல்லை. துண்டுகளை வேக்குவம் கிளீனரால் உறிஞ்சி எடுத்துவிட்டு, ஆறுமுகம் முழுதாக இருக்கும்வரை வழக்கம்போலவே கழற்றலாம். ஆறுமுகமே திருகிக்கொண்டு வந்து, மரைப் பகுதி மட்டும் ஹெட்டுக்குள் தங்கிவிட்டால் அங்கேயே நிறுத்தி விடுங்கள். எஞ்சினைச் சுழற்றிப் பார்க்கவும் வேண்டாம், ஏனென்றால் உடைந்த பீங்கான் பிஸ்டனின் தலையில் கிடக்கலாம். எக்ஸ்ட்ராக்டர் கொண்டு எடுக்கும் முறை உண்டென்றாலும், ஹெட்டைக் கழற்றி மேசை மேல் வைத்து எடுப்பதே என் பரிந்துரை. ஹெட் கேஸ்கட் ஒன்று செலவாகும். சிலிண்டர் சுவரில் கோடு விழுந்தால் ஆகும் செலவோடு ஒப்பிட்டால் அது பெரிதல்ல.

வெளியே வந்த பிளக் சொல்வது

எந்த சிலிண்டரிலிருந்து எது வந்தது என்று வரிசையாக அடுக்கி வையுங்கள். முனை இளம்பழுப்பாகவோ சாம்பலாகவோ இருந்தால் நலம். உலர்ந்த கரி அதிகப் பெட்ரோலையும், எண்ணெய் பிசுபிசுக்கும் கருமை தேய்ந்த ரிங்கையோ வால்வு கைடையோ, வெளுத்துக் கொப்புளித்த முனை அதிகச் சூட்டையோ குறைந்த பெட்ரோலையோ காட்டும். இப்போது பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் அதே கார்புரேட்டர் அமைப்பில் கலவை சற்று மெலிகிறது. பழைய புத்தகத்தில் உள்ள வண்ணப் படத்தைவிட நம் பிளக் கொஞ்சம் வெளிறியிருந்தால் உடனே பயப்பட வேண்டியதில்லை. பீங்கான் இரும்பைத் தொடும் இடத்தில் வெளியே பழுப்பு வளையம் இருந்தால் அது காற்றுக் கசிவென்று பலர் நினைக்கிறார்கள். அது உயர் மின்னழுத்தத்தால் தூசியும் எண்ணெய்த் துளியும் ஈர்க்கப்பட்டு உண்டாகும் கறை, கவலைக்குரியதல்ல.

நிறத்தைவிடக் கவனிக்க வேண்டியது வாஷர். ஒவ்வொரு பிளக்கோடும் ஒரு வாஷர் வந்ததா என்று எண்ணிப் பாருங்கள். ஒன்று குறைந்தால் அது ஹெட்டின் குழியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கலாம். அதைப் பார்க்காமல் புதிய வாஷரோடு புதிய பிளக்கைப் போட்டால் இரண்டு வாஷராகிவிடும். பிளக் உரிய ஆழத்துக்கு இறங்காது, சூடும் சரியாகக் கடத்தப்படாது. டார்ச் அடித்துப் பார்த்து, வளைத்த கம்பியால் நெம்பி எடுத்துவிடுங்கள். கூம்பு வடிவ அடிப்பகுதி உள்ள பிளக்குகளுக்கு வாஷர் கிடையாது. அவற்றுக்குப் புதிதாக வாஷர் போடவும் கூடாது.

அடுத்தது மரையின் நீளம். 14 மி.மீ. பிளக்குகளில் பொதுவாக 12.7 மி.மீ. நீளமும் 19 மி.மீ. நீளமும் உண்டு. பி-சீரிஸ் அம்பாசிடருக்கு 19 மி.மீ. தேவை. அவசரத்துக்குக் கிடைத்தது என்று யாரோ குட்டைப் பிளக்கைப் போட்டிருந்தால் வண்டி ஓடும்; ஆனால் ஹெட்டில் திறந்து கிடக்கும் கடைசி மரைகளில் வருடக்கணக்கில் கரி கெட்டியாகப் படிந்துவிடும். பிறகு சரியான நீளப் பிளக்கை மாட்டும்போது முக்கால்வாசி சுலபமாக இறங்கி, அதற்கு மேல் கல்லில் முட்டியது போல நின்றுவிடும். புதிய பிளக்தான் கோணல் என்று நினைத்து முறுக்குபவர்கள் ஹெட்டைக் கெடுத்துக்கொள்கிறார்கள். நேர்மாறாக, குட்டைப் பிளக் போட வேண்டிய எஞ்சினில் நீளப் பிளக்கைப் போட்டால் பிஸ்டனையோ வால்வையோ இடிக்கலாம். இடிக்காவிட்டாலும் எரியறைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மரையில் கரி படிந்து, கழற்றும்போது ஹெட்டின் மரையைச் சீய்த்துக்கொண்டு வரும். பெட்டியில் உள்ள எண்ணை மட்டும் நம்பாமல், பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி அளந்து பாருங்கள். வண்டியின் கையேடு சொல்லும் நீளத்தோடும் ஒப்பிடுங்கள், ஏனென்றால் பழையதே தவறானதாக இருக்கலாம்.

கரி அடைந்த மரையைச் சுத்தம் செய்ய 14 × 1.25 மரைச் சீராக்கி சிறந்தது. அது கைவசம் இல்லாதவர்கள் சரியான நீளமுள்ள பழைய பிளக் ஒன்றை எடுத்து, அதன் மரையில் மேலிருந்து கீழாக மூன்று நான்கு பள்ளங்களை மெல்லிய அரத்தால் வெட்டி, பிசிறைத் தேய்த்து நீக்கிவிட்டால் நல்ல துப்புரவுக் கருவியாகிவிடும். பள்ளங்களில் கெட்டியான கிரீஸை அடைத்துக்கொள்ள வேண்டும். வெட்டப்படும் கரி கிரீஸில் ஒட்டிக்கொண்டு வெளியே வரும். கையால் மட்டும் திருப்பி, சிறிது இறங்கியதும் எடுத்துத் துடைத்து, புதிய கிரீஸ் வைத்து மறுபடியும் இறக்க வேண்டும். புது மரை வெட்டும் கூரான டாப்பை அலுமினியத்தில் இறக்கினால், பழைய வழியை விட்டுவிட்டுத் தனக்கென்று ஒரு வழியை வெட்டிக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது. வேலை முடிந்ததும் மெல்லிய குழாயால் உறிஞ்சி எடுத்துவிட்டு, காயிலின் நடு ஒயரைக் கழற்றி எர்த்தில் வைத்து, பிளக் இல்லாமலேயே ஸ்டார்ட்டரைச் சில நொடிகள் சுழற்றுங்கள். மிச்சத் துகள்கள் துளை வழியாக வெளியே பறந்துவிடும். முகத்தை எட்டவே வைத்திருங்கள்.

புதிய பிளக்கைத் தேர்ந்தெடுப்பது

பிளக்கின் முனை தன் சூட்டை எவ்வளவு விரைவாக ஹெட்டுக்குக் கடத்தும் என்பதைக் காட்டும் வெப்ப எண்ணில்தான் குழப்பம் வருகிறது; விரைவாகக் கடத்துவது குளிர்ந்த வகை, மெதுவாகக் கடத்துவது சூடான வகை. என்ஜிகே பிளக்கில் எண் கூடக் கூட பிளக் குளிர்ந்த வகை. சாம்பியன், பாஷ் பிளக்குகளில் எண் கூடக் கூட சூடான வகை. ஆகவே ஒரு நிறுவனத்தின் 6-க்கு மாற்றாக இன்னொரு நிறுவனத்தின் 6-ஐக் கேட்பது பொருளற்றது; மாற்றுப் பட்டியலைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். என்ஜிகே எழுத்துகளில் ‘இ’ என்பது 19 மி.மீ. நீளம், ‘எச்’ என்பது 12.7 மி.மீ. பிபி6இஎஸ்ஸும் பிபி6எச்எஸ்ஸும் ஒரே எழுத்து மாறிய இரட்டையர்கள். கடைக்காரர் மாற்றிக் கொடுத்துவிட்டால் மேலே சொன்ன எல்லாத் தொல்லையும் வரும். பழைய ஒயர்களில் சில பிளக்கின் உச்சியில் மெல்லிய மரையைக் கேட்கும், சில அதன் மேல் பொருத்திய நட்டைக் கேட்கும். நட்டு தேவைப்பட்டால் குறட்டால் ஒரு முறை இறுக்கிக்கொள்ளுங்கள். தளர்ந்த நட்டால் விட்டுவிட்டு அடிக்கும் எஞ்சின்கள் பல.

இடைவெளியைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. பாயின்ட் இக்னிஷன் (மின்னணு அல்லாத பழைய பற்றவைப்பு முறை) உள்ள பி-சீரிஸ் எஞ்சினுக்கு 25 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் 25 பங்கு), அதாவது 0.64 மி.மீ. பக்க எலெக்ட்ரோடை மட்டும் வளைக்க வேண்டும். நடு எலெக்ட்ரோடில் எதையும் நெம்பக் கூடாது.

மாட்டுவது

ஹெட்டின் குழியையும் வாஷர் உட்காரும் தளத்தையும் துடைத்துவிட்டு, புதிய பிளக்கின் மேல்முனையை ஒரு சாண் நீளமுள்ள பெட்ரோல் ரப்பர் குழாயில் செருகிக்கொள்ளுங்கள். குழாயைப் பிடித்துத் துளைக்குள் இறக்கி, முதலில் தளர்த்தும் திசையில் மெதுவாகத் திருப்புங்கள். மரையின் நுனிகள் ஒன்றையொன்று கடக்கும் இடத்தில் பிளக் லேசாக ஒரு குதி குதித்து இறங்கும். அங்கிருந்து இறுக்கும் திசைக்கு மாற்றினால் மரை நேராகப் பிடிக்கும். மரை மாறி ஏறினால் ரப்பர் குழாய் முறுக்கிக்கொண்டு நழுவிவிடும். அந்த நழுவல்தான் நமக்குப் பாதுகாப்பு. ராட்செட்டைக் கொண்டு தொடங்கினால் இந்த எச்சரிக்கை கைக்குக் கிடைக்கவே கிடைக்காது. வாஷர் தொடும்வரை முழுவதும் கையால்தான் சுற்ற வேண்டும். நடுவில் இறுகினால் எடுத்துவிட்டு மறுபடியும் தொடங்குங்கள்.

வாஷர் தொட்ட பிறகு டார்க் ரெஞ்ச். வாஷர் உள்ள 14 மி.மீ. பிளக்குக்கு வார்ப்பிரும்பு ஹெட்டில் 25 முதல் 35 நியூட்டன்-மீட்டர், அலுமினிய ஹெட்டில் 25 முதல் 30. வண்டியின் கையேடு வேறு அளவு சொன்னால் கையேட்டையே பின்பற்றுங்கள். டார்க் ரெஞ்ச் இல்லாவிட்டால் கோணத்தை வைத்துச் செய்யலாம்: புதிய வாஷருக்கு, கையால் இறுகிய நிலையிலிருந்து ஏறத்தாழ அரைச் சுற்று; ஏற்கெனவே நசுங்கிய பழைய வாஷருக்கு 30 டிகிரி, அதாவது கடிகாரத்தில் ஒரு மணிக்கும் அடுத்த மணிக்கும் இடைப்பட்ட தூரம்; கூம்பு அடி உள்ளதற்கு அதிலும் சற்றுக் குறைவு. வாஷர் நசுங்குவதைக் கையிலேயே உணரலாம். முதலில் மெத்தென்று கொடுத்துக்கொண்டே வந்து, பிறகு கெட்டிப்படும். கெட்டிப்பட்டதும் நிறுத்திவிட வேண்டும். தளர்வாக விடுவதும் ஆபத்துதான்: பிளக்கின் சூடு வாஷர் வழியாகவும் மரை வழியாகவும்தான் ஹெட்டுக்குப் போகிறது, தொடுதல் குறைந்தால் பிளக் சிவக்கச் சூடேறி முன்கூட்டியே தீப்பற்ற வைக்கும்.

மரையில் கிரீஸ் போடலாமா என்று பலரும் கேட்பதுண்டு. சாதாரண கிரீஸ் எரிந்து கரியாகிவிடும், வேண்டாம். மரை இறுகிப் பிடிக்காமல் காக்கும் ஆன்டி-சீஸ் பசையும், பளபளக்கும் பூச்சுள்ள பிளக்குகளுக்குத் தேவையில்லை என்றே பிளக் தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். பசை வழுக்குவதால் அதே டார்க்கில் பிளக் அதிகமாக இறுகிவிடுகிறது. ஆனாலும் கடலோரத்தில் நிற்கும், அதிகம் ஓடாத அலுமினிய ஹெட் வண்டிக்கு நான் மிகக் குறைவாகப் போடவே சொல்வேன். முதல் இரண்டு மரைகளை விட்டுவிட்டு, நடு மரையில் மட்டும் தீக்குச்சி முனையால் தொட்டு வைத்து, டார்க்கை மூன்றில் ஒரு பங்கு குறைத்துக்கொள்ள வேண்டும். எலெக்ட்ரோடு பக்கம் ஒரு துளி பட்டாலும் அந்தப் பிளக் வீண்.

மரை போய்விட்டால்

பிளக் இறுகாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் மரை போய்விட்டது. டெஃப்லான் டேப் சுற்றுவது, இரண்டு வாஷர் போடுவது போன்ற தற்காலிக வித்தைகள் வேண்டாம். ஓடும்போது பிளக் துப்பாக்கிக் குண்டைப் போலப் பறந்து வெளியே வந்துவிடலாம். எஃகுச் சுருள் செருகியோ புஷ்ஷோ போட்டு அதே 14 மி.மீ. மரையை மீட்டெடுக்கலாம். ஹெட்டைக் கழற்றி, லேத் பட்டறையில் துளை நேராக இருக்கும்படி கட்டிச் செய்தால் அது புதிய மரையைவிட வலுவாகவே நிற்கும். வண்டியிலேயே வைத்துக் கையால் வெட்டினால் துளை சாய்ந்துபோகும் வாய்ப்பு அதிகம்.

மழை வெள்ளத்தில் நின்ற வண்டி

வியாசர்பாடி, புளியந்தோப்புப் பக்கம் ஒவ்வொரு ஐப்பசி, கார்த்திகையிலும் தெருவில் தண்ணீர் நிற்பது நமக்குப் பழகியதுதான். ஏர் கிளீனர் உயரத்துக்குத் தண்ணீர் ஏறிய வண்டியில் சாவியைத் திருப்பவே கூடாது. சிலிண்டருக்குள் உள்ள தண்ணீர் நசுங்காது. ஸ்டார்ட்டர் சுழற்றினால் கனெக்டிங் ராடு வளையும். முதலில் பேட்டரியைக் கழற்றி, பிளக்குகள் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். பிறகு ஹேண்டில் போட்டுக் கையால் சுழற்றுங்கள். அம்பாசிடரின் பழைய ஹேண்டிலைத் தூக்கி எறியாமல் வைத்திருப்பவர்களுக்கு இது பயன்படும் நாள். தண்ணீர் பிளக் துளை வழியாகப் பீய்ச்சி அடிக்கும். அது நின்றதும் ஒவ்வொரு துளையிலும் சிறிது எஞ்சின் ஆயில் விட்டு மறுபடியும் சுழற்றி, ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிய பிறகே புதிய பிளக்குகளை மாட்ட வேண்டும். நனைந்த பழைய பிளக்குகளைக் காயவைத்துத் திரும்பப் போடுவதில் மிச்சப்படும் பணம் மிகக் குறைவு.

எல்லாம் மாட்டி, ஒயர்களை வரிசைப்படி போட்டு ஸ்டார்ட் செய்ததும், ஒவ்வொரு பிளக்கின் அடியிலும் ஒரு சொட்டு எஞ்சின் ஆயில் விட்டுப் பாருங்கள். குமிழி வந்தால் அல்லது ‘டுப் டுப்’ என்ற மெல்லிய ஒலி கேட்டால் அந்தப் பிளக் சரியாக உட்காரவில்லை. எஞ்சினை அணைத்து, குளிர விட்டு, கழற்றி, தளத்தைத் துடைத்து மறுபடியும் மாட்டுங்கள். சூடாக இருக்கும்போதே இன்னொரு முறுக்குக் கொடுக்க வேண்டாம்.